எழுபது வளைவும் ஒரு தள்ளுபடி டிஸ்க்கும்!

"அண்ணே, அவசரமா ஒரு யோசனை வேணுங்க. கடைக்காரர் எதிர்ல நிக்கறார். சரின்னு சொல்லவா, வேணாம்னு சொல்லவா?"

2025 ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்த போன் இது. ஏதோ பெண் பார்க்கப் போன இடத்திலிருந்து பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நண்பருக்குக் கல்யாணமாகி நாலு மாதம் ஆகிவிட்டது என்பது ஞாபகம் வந்து, சுதாரித்துக்கொண்டேன்.

"எதுக்குப்பா சரின்னு சொல்லணும்?"

"ஹார்ட் டிஸ்க்குங்க. வெளியில மாட்டற டைப்பு. ரெண்டு டெராபைட். பில்லோட 6,500 ரூபாய்; பில் வேணாம்னா 5,200. ஆடித் தள்ளுபடியாம். இன்னிக்கு மட்டும்தான் இந்த ரேட்டுங்கறார்."

"வாரண்டி?"

மறுமுனையில் குசுகுசுவென்று பேச்சு. அப்புறம் பதில்: "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்னு சொல்றாருங்க."

இந்தத் தமிழ்நாட்டில், 'நான் பார்த்துக்கறேன்' என்ற வாக்கியத்தை நம்பிக் கெட்டவர்களை வரிசையாக நிற்க வைத்தால், நாமக்கல்லில் ஆரம்பித்து நாகப்பட்டினம் வரை நிற்கும். "ஒரு வாரம் பொறு" என்று சொல்லி போனை வைத்தேன்.

நண்பர் நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். சொந்த ஊர் கொல்லிமலையில் பைல் நாடு. ('நாடு' என்றதும் பாஸ்போர்ட்டைத் தேடாதீர்கள். கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வளவந்தி நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு... அந்த வரிசையில் பைல் நாடு. பைல் நாட்டுக்காரருக்கு ஃபைல்களை வைக்க இடம் இல்லை என்ற கொடுமையை என்னவென்று சொல்ல!)

பாட்டியின் பாட்டு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே மலை ஏறினேன். காரவள்ளியில் ஆரம்பிக்கும் அந்த எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பதாவது வரைக்கும் ஜன்னல் ஓரக் காட்சி. அதற்கப்புறம் ஜன்னல் ஓரம் வேறு காரணத்துக்குத் தேவைப்பட்டது. செம்மேட்டில் இறங்கி ஒரு சுக்கு காப்பி குடித்தபிறகுதான் உலகம் சுற்றுவதை நிறுத்தியது.

வீட்டுத் திண்ணையில் நண்பர் தன் பழைய செல்போனை எடுத்துக் காட்டினார். மூலையில் கண்ணாடி கீறல் விட்டிருந்தது. "இடம் இல்லை, எதையாவது அழிக்கவும்" என்று அது தினமும் கெஞ்சுகிறதாம்.

"எதை அழிக்கறதுங்கண்ணே? இதைக் கேளுங்க."

ஒரு குரல். வயசான குரல். சாமைக் கதிர் அறுக்கும்போது பாடுகிற பாட்டு. நடுநடுவே இருமல், கோழிச் சத்தம், "என்னத்தடா காதுல வச்சு நீட்டற?" என்ற அதட்டல். அவருடைய பாட்டி. போன தை மாதம் காலமாகிவிட்டார். அந்த மாதிரி முப்பத்தேழு பாட்டு அந்த போனில் இருக்கிறது. வேறு எங்கும் கிடையாது.

கூடவே கல்யாண வீடியோ. ஸ்டூடியோக்காரர் 180 ஜிபியைக் கையில் கொடுத்து, "ஒரு மாசத்துல எங்க கம்ப்யூட்டர்லேர்ந்து அழிச்சிடுவோம் தம்பி, பத்திரமா வெச்சுக்க" என்று சொல்லியாகிவிட்டது.

ஆக, 1,300 ரூபாய் மிச்சம் பிடிக்கலாமா என்பதல்ல கேள்வி. அந்த முப்பத்தேழு பாட்டை யாரை நம்பி ஒப்படைப்பது என்பதுதான் கேள்வி. நண்பருக்கு அது இன்னும் புரியவில்லை. எனக்குப் புரிந்திருந்தது. காரணம், நான் ஏற்கெனவே பட்டவன்.

விசிட்டிங் கார்டு வாரண்டி

பத்து வருஷத்துக்கு முன், பெரிய நகரம் ஒன்றின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் இதேபோல ஒரு டிஸ்க் வாங்கினேன். பில் இல்லை. கடைக்காரர் தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் '1 வருஷம்' என்று எழுதி, ஜனாதிபதி விருது வழங்குகிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார். நானும் பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பதினோராவது மாதம் டிஸ்க், 'டிக்... டிக்... டிக்' என்று பல்லி மாதிரி சத்தம் போட்டது. பல்லி சொன்னால் பலன் உண்டு. இதற்கும் இருந்தது. டிஸ்க் செத்துப்போனது.

கார்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த இடத்தில் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். "அவர் காலி பண்ணி ஆறு மாசமாச்சு சார். கவர் பார்க்கறீங்களா?"

தகவலை மீட்டெடுக்கும் இடத்துக்குப் போனேன். "பதினெட்டாயிரம் ஆகும். கிடைக்கும்னு கியாரண்டி இல்லை" என்றார்கள். பணம் புரட்ட முடியவில்லை. என் மகள் முதன்முதலில் எழுந்து நடந்த வீடியோ அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இப்போதும் பீரோவில் வைத்திருக்கிறேன். பேப்பர் வெயிட்டாகக்கூடப் பயன்படுத்த மனசு வரவில்லை.

இந்தக் கதையைச் சொன்னதும் நண்பர் போனை மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டார்.

மலையில் ஓடுமா?

"அண்ணே, அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். மலை மேல காத்து கம்மி. ஹார்ட் டிஸ்க் இங்க வேலை செய்யுங்களா?"

சிரிக்காதீர்கள். நல்ல கேள்வி.

சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குள்ளே வழவழவென்று தட்டுகள் சுற்றுகின்றன. போர்ட்டபிள் டிஸ்க் என்றால் பொதுவாக நிமிஷத்துக்கு 5,400 சுற்று. தட்டின் விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. காரவள்ளி பஸ் கனவிலும் காணாத வேகம்! அந்தத் தட்டுக்கு மேலே, தகவலைப் படிக்கிற முனை, சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் அளவு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முனையைத் தாங்கிப் பிடிப்பது தட்டு சுற்றும்போது உண்டாகும் காற்றுத்தான். காற்று ரொம்ப மெலிந்தால் முனை தட்டில் உரசிவிடும்.

அதனால்தான் பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு '3,000 மீட்டர் உயரம் வரை' என்று கம்பெனிக்காரர்களே எல்லை போட்டிருக்கிறார்கள். லடாக்கில் லே நகரம் சுமார் 3,500 மீட்டர், அங்கே யோசிக்கவேண்டும். கொல்லிமலை அதில் பாதிகூட இல்லை. தாராளமாக ஓடும்.

இங்கே பயப்படவேண்டியது உயரத்துக்கு அல்ல. மூன்று விஷயத்துக்கு. ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே போடுவது. இரண்டு, திடீர் திடீரென்று போய் வரும் கரண்ட். மூன்று, பனிக்காலக் காலையில் வெளியிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்கை உடனே செருகுவது. ஈரம் பூத்திருக்கும். அரைமணி நேரம் பொறுத்து மாட்டினால் தப்பு இல்லை. நிறுத்திய டிஸ்க் எழுபது வளைவையும் தாங்கும். நம்மைவிட நன்றாகவே தாங்கும்.

வாய்க்கணக்கு ஒன்று

சரி, இப்போது காசு. திண்ணையிலேயே காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டோம். நண்பர் கணக்கப்பிள்ளை ஆயிற்றே!

பில்லோடு வாங்கினால் 6,500. மூன்று வருஷத்துக்குள் செத்தால் கம்பெனி மாற்றித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் இல்லாமல் வாங்கினால் 5,200. செத்தால் இன்னொரு 5,200 நம் கையிலிருந்து.

1,300 ரூபாய் மிச்சம் என்பது 5,200-இல் கால் பங்கு. ஆக, இந்த மாதிரி நூறு டிஸ்க் வாங்கினால், மூன்று வருஷத்துக்குள் அதில் இருபத்தைந்து செத்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதற்குக் கீழே என்றால் தள்ளுபடிக்காரர் ஜெயித்தார். அதற்கு மேலே என்றால் வாரண்டிக்காரர் ஜெயித்தார்.

உண்மையில் எத்தனை சாகும்? அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்றொரு கம்பெனி. லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளை ஓட்டிக்கொண்டு, எத்தனை கெட்டது என்ற கணக்கைப் பல வருஷமாக வெளியிடுகிறது. 2024-இல் அவர்கள் கணக்கு, வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். அவையெல்லாம் ஏ.ஸி. அறையில் அசையாமல் ராஜபோகமாக இருப்பவை. நம் டிஸ்க் பையில் போகும், பஸ்ஸில் ஆடும், குழந்தை இழுக்கும். அதனால் மூன்று மடங்கு என்று வைத்தாலும், மூன்று வருஷத்துக்குச் சுமார் பதினைந்து.

"அப்போ பில் இல்லாம வாங்கறதுதான் லாபங்க!" நண்பர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ்.

ஒப்புக்கொண்டேன். கணக்கு கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்குக்கு அடியில் ஒரு சின்ன நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அந்த டிஸ்க் நிஜமாகவே புதுசாக இருக்கவேண்டும்.

ஏன் மலிவு?

கொல்லிப்பாவை என்று இந்த மலையில் ஒரு பாவை உண்டு. சங்கப் பாடல்களிலேயே அதைப் பற்றிப் பேச்சு வருகிறது. வருகிறவனைப் பார்த்துச் சிரிக்குமாம். மயங்கிப் பக்கத்தில் போனால் ஆள் காலி. தள்ளுபடி விலையும் அதே ஜாதி. சிரிக்கும்போது, ஏன் சிரிக்கிறது என்று கேட்கவேண்டும்.

நியாயமான காரணங்கள் உண்டு. பழைய மாடலைத் தள்ளிவிட நினைக்கலாம். பண்டிகை விற்பனையாக இருக்கலாம். பெட்டி நசுங்கியிருக்கலாம். ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுத்ததாக இருக்கலாம். அதை வெளிப்படையாகச் சொல்லி விற்றால் தப்பே இல்லை.

நடுவாந்தரக் காரணம், 'வேறு நாட்டுச் சரக்கு'. அந்தக் காலத்தில் பர்மா பஜாரில் டூ-இன்-ஒன் வாங்கினவர்களுக்கு இது தெரியும். பொருள் அசல்தான். ஆனால் அதன் வாரண்டி துபாயிலோ சிங்கப்பூரிலோதான் செல்லும். ஹார்ட் டிஸ்க் கம்பெனிகள் பலவும் வாரண்டியை விற்ற நாட்டோடு கட்டிப்போட்டுவிடுகின்றன.

அநியாயக் காரணங்கள்தான் சுவாரஸ்யமானவை. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க்குக்குப் புதுச் சட்டை மாட்டி விற்பது ஒன்று. '16 டெராபைட், 1,500 ரூபாய்' என்று வருகிறதே, அது இன்னொன்று. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு மட்டும் உட்கார்ந்திருக்கும். நிறைய இடம் இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அதைப் பழக்கியிருப்பார்கள். நிரம்பியதும் பழைய ஃபைல் மேலேயே புதுசை எழுதிக்கொண்டு போகும். திறந்து பார்க்கிற அன்றுதான் சங்கதி வெளியே வரும்.

'நம்ம ஊர்லதான் இப்படி' என்று அலுத்துக்கொள்ளவேண்டாம். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு கூத்து நடந்தது. சீகேட் கம்பெனியின் பெரிய டிஸ்க்குகளைப் புதுசு என்று காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு, பல்லாயிரம் மணி நேரம் ஓடித் தேய்ந்த டிஸ்க்குகள் கிடைத்தன. பத்தாயிரம் மணி நேரம் என்றாலே இரவு பகலாகப் பதினாலு மாதம்! ஹைஸே என்ற தொழில்நுட்பப் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது. பழைய காரின் கிலோமீட்டர் மீட்டரைப் பின்னால் சுற்றுகிற மாதிரி, டிஸ்க்கின் மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி விற்றிருக்கிறார்கள். உள்ளே இருந்த இன்னொரு பதிவேட்டை அழிக்க மறந்ததால் மாட்டிக்கொண்டார்கள்.

எங்கிருந்து வந்த டிஸ்க்குகள்? சியா என்றொரு மின்காசு 2021-இல் வந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற காலி இடத்தை வைத்தே சம்பாதிக்கலாம் என்றார்கள். ஆளாளுக்கு மூட்டை மூட்டையாக டிஸ்க் வாங்கினார்கள். மோகம் வடிந்ததும் அந்தச் சரக்குதான் சந்தைக்கு வந்திருக்கவேண்டும் என்பது பலரின் சந்தேகம். அப்புறம் 2025-இலேயே மலேசியாவில் கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கில் சோதனை நடந்து, எழுநூறு அளவுக்கு டிஸ்க்குகள் பிடிபட்டன. அங்கே பழசைத் துடைத்து, புது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்களாம். இதில் தயாரித்த கம்பெனியும் ஏமாந்த கட்சிதான்.

பழைய டிஸ்க் என்றால் நூற்றுக்குப் பதினைந்து என்ற நம் கணக்கு காற்றில் போய்விடும். அது இருபத்தைந்தைத் தாண்டினால், 1,300 ரூபாய் லாபமும் கூடவே போய்விடும். நண்பர் காலண்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாரண்டியின் கதை

இந்த வாரண்டி என்பதே கம்பெனிக்காரர் மனசைப் பொறுத்தது என்பதற்கு ஒரு சரித்திரச் சான்று உண்டு. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெரு வெள்ளம். உலகத்து ஹார்ட் டிஸ்க் தொழிலின் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது. தொழிற்சாலைகளுக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. உலகம் பூராவும் டிஸ்க் விலை எகிறியது. இங்கே நம் கடைத்தெருக்களிலும் ராத்திரியோடு ராத்திரியாக ரேட் மாறியது.

விலை ஏறியது சரி. அதே சூட்டோடு 2011 கடைசியிலும் 2012 தொடக்கத்திலும், சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் இரண்டும் பல மாடல்களுக்கு வாரண்டி வருஷங்களைக் குறைத்துவிட்டன. ஆக, அதிக விலை, குறைந்த உத்தரவாதம்! அதே சமயத்தில் கம்பெனிகளும் ஒன்றையொன்று விழுங்கின. சாம்சங்கின் டிஸ்க் வியாபாரம் சீகேட்டுக்கும், ஹிட்டாச்சியினுடையது வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கும் போயின. இன்று நீங்கள் எந்தப் பெயரில் ஹார்ட் டிஸ்க் வாங்கினாலும், உள்ளே சுற்றும் தட்டு சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்ற மூன்று வீட்டுப் பிள்ளைதான்.

அந்த வாரண்டித் தாளை யாராவது படித்திருக்கிறீர்களா? பூதக்கண்ணாடி வைத்து நான் படித்தேன். சாரம் இதுதான்: டிஸ்க் செத்தால் டிஸ்க் தருவோம். அதுவும் புதுசாகத்தான் இருக்கும் என்றில்லை. பழுது நீக்கியதாகவும் இருக்கலாம். அனுப்பின பழசு திரும்ப வராது. பிரித்துப் பார்த்தால் கிடையாது. அடிபட்டிருந்தால் கிடையாது. உள்ளே இருந்த தகவலுக்கு... ஹி... ஹி... நாங்கள் பொறுப்பில்லை. (சில மாடல்களோடு தகவல் மீட்புச் சேவையையும் சேர்த்துத் தருகிறார்கள். பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.)

'ஒருமுறை விற்ற பொருள்...'

"பில் வாங்காட்டி சட்டப்படி ஒண்ணும் செய்ய முடியாதுங்களா?"

பில் கொடுக்காமல் இருப்பதுதான் சட்டப்படி தப்பு! நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20. அதன்படி பில் தராததே 'நியாயமற்ற வணிக முறை'. நம் ஊர்க் கடைகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் 'ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று மாட்டியிருப்பார்களே? குறையுள்ள பொருள் விஷயத்தில் அந்த போர்டு செல்லாது. பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், அப்படிக் கெடு எதுவும் இல்லையென்றால் முப்பது நாளுக்குள், திருப்பி எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக முறைதான்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டில்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பைல் நாட்டுக்காரர் நாமக்கல்லில் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும், அவ்வளவுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி, "பில் எங்கே?" விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தைக் காட்டினால் நீதிபதி முன்பக்கத்தையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் ஐந்து சோதனை

வாங்கியாச்சு. மாலை போட்டுச் சாமி ரூமில் வைக்காதீர்கள். திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் இதையெல்லாம் செய்துவிடுங்கள்:

1. பெட்டியைப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், எம்.ஆர்.பி., மாதம்-வருஷம், எந்த நாட்டில் தயாரித்தது, புகார் எண் எல்லாம் இருக்கவேண்டும் என்பது சட்டம். இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

2. சீரியல் நம்பரைக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வாரண்டி எத்தனை நாள், இந்தியாவில் செல்லுமா என்பது தெரிந்துவிடும். கடையிலேயே செல்போனில் பார்க்கலாம். பெட்டியில் உள்ள நம்பரும் டிஸ்க்கில் உள்ள நம்பரும் ஒன்றா என்றும் பாருங்கள்.

3. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருளில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புதுசு என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். (பூஜ்யத்தையும் போலியாக எழுதலாம் என்பது ஜெர்மனிக் கதை. ஆனாலும் ஆயிரக்கணக்கில் இருந்தால் கையோடு பிடித்துவிடலாம்.)

4. டிஸ்க் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். மேலே சொன்ன ஜெர்மன் பத்திரிகை வீட்டின் தயாரிப்புதான் அது. இரண்டு டெராபைட்டுக்கு எழுத ஐந்தரை மணி, படிக்க ஐந்தரை மணி ஆகலாம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

5. ஒரு டெராபைட் டிஸ்க்கில் 931 ஜிபிதான் காட்டுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. ஏமாற்று இல்லை. கம்பெனிக்காரர் படியும் கம்ப்யூட்டர்காரர் படியும் வேறு வேறு!

யாரும் தராத வாரண்டி

இத்தனையும் சரியாக இருந்தால்? அப்போதும் நண்பரின் முப்பத்தேழு பாட்டுக்கு உத்தரவாதம் கிடையாது.

2007-இல் கூகிள் கம்பெனி, தான் ஓட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட விஷயம்: செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதன் சுயபரிசோதனைக் கணக்கில் எந்தக் கோளாறும் காட்டாமலே செத்திருக்கின்றன. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. காலையில் காப்பி குடித்தார், பேப்பர் படித்தார், போய்விட்டார் என்கிற கதை.

வாரண்டி என்பது 6,500 ரூபாய் இரும்புக்கு. பாட்டுக்கு ஒரே வாரண்டி, இன்னொரு பிரதி. புகைப்படக்காரர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் 3-2-1 என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். மூன்று பிரதி இருக்கட்டும். இரண்டு விதமான சாதனத்தில் இருக்கட்டும். ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும்.

"வேற ஊர்னா?"

"ஒண்ணு மலையில, ஒண்ணு நாமக்கல் ரூம்ல. பாட்டு மட்டும் சின்ன ஃபைல்தானே? அதை இணையத்துல இலவசமா கிடைக்கற இடத்துலயும் ஏத்தி வை. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் அனுப்பு. பாட்டி பாட்டைக் கேக்க வேணாம்னா சொல்லப்போறாங்க?"

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மறுபடி அந்தக் காலண்டர் தாளை எடுத்தார். ரெண்டு டெராபைட் எதற்கு? பாட்டும் கல்யாணமும் சேர்த்து 200 ஜிபி தேறாது. ஒரு டெராபைட் போதும். அதே பணத்துக்கு மேலே கொஞ்சம் போட்டால் இரண்டு வாங்கலாம்.

அப்படித்தான் வாங்கினார். பில்லோடு, ஒவ்வொன்றும் 4,500. இரண்டு வெவ்வேறு கம்பெனி, இரண்டு வெவ்வேறு கடை. ஒரே கம்பெனி, ஒரே நாளில் செய்த சரக்கு என்றால் ஒரே வியாதி இருக்கலாம் அல்லவா? பில்லைப் போட்டோ பிடித்துத் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டார். கடைத்தெரு பில் மை ஆறு மாதத்தில் மறைந்துவிடும் என்பது லாரி ஆபீஸில் கற்ற பாடம்.

(முதல் கடைக்காரர்? அடுத்த வாரமும் 'இன்னிக்கு மட்டும்தான் இந்த ரேட்' என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.)

நான் மலை இறங்கிய அன்று செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைத் தாண்டித்தான் பஸ் வந்தது. இந்த மலையை ஆண்ட கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூற்றுக் காலத்திலிருந்து பெருமையாகச் சொல்கிறோம்.

ஒரே டிஸ்க்கில் கல்யாணம், பாட்டி பாட்டு, குழந்தை படம், சர்ட்டிஃபிகேட், வீட்டுக் கணக்கு ஐந்தையும் போட்டு வைத்திருக்கிறோமே, நாம் எல்லாரும் யார் தெரியுமா? ஓரி இல்லை. அந்த அம்புக்கு எதிரே வரிசையாக நிற்கிற யானை, புலி, மான், பன்றி, உடும்பு!

கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்பது நல்லது.